மூட்டு வலிக்கு டி.எம்.எஸ்.ஓ.வா, டைக்ளோஃபெனாக் ஜெல்லா?

முழங்கால் மூட்டு தேய்ந்து வலிக்கிறது என்று மருந்துக்கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கையில் கிடைப்பது வலியையும் அழற்சியையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்து கலந்த ஒரு ஜெல். இரண்டு டியூப் தீர்ந்தும் குணம் தெரியாதபோது யாராவது ஒருவர் டி.எம்.எஸ்.ஓ. என்ற பெயரைச் சொல்வார். டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்பது அதன் முழுப்பெயர். நிறமில்லாத, லேசான வழுவழுப்புள்ள கரைப்பான். ஆய்வகங்களில் பிற பொருள்களைக் கரைக்கப் பயன்படுவது. அதைத் தடவினால் அழற்சி அடங்கும், வீக்கம் வற்றும், காப்புரிமை எடுத்து லாபம் பார்க்க முடியாததால் மருந்து நிறுவனங்கள் அதை மறைத்துவிட்டன என்ற கதையும் கூடவே வரும். பாட்டிலுக்கும் பஞ்சமில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ஜெல்தான் முதல் தேர்வு. டி.எம்.எஸ்.ஓ. கலந்த டைக்ளோஃபெனாக் திரவம் கிடைத்தால் அது இரண்டாவது. தனி டி.எம்.எஸ்.ஓ. பாட்டில் பட்டியலிலேயே வராது. ஆனால் இதை வைத்து அந்தக் கரைப்பான் வெறும் ஏமாற்று என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். சில நோய்களுக்கு அது முறையான மருந்து. அந்த நோய்களில் மூட்டுத் தேய்மானம் இல்லை என்பதுதான் சிக்கல்.

காகித ஆலையிலிருந்து வந்த மருந்து

இந்தப் பொருளை முதலில் உருவாக்கியவர் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் ஜைட்செவ், ஆண்டு 1866. அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் அது வேதியியல் அலமாரியிலேயே கிடந்தது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும்போது கிடைக்கும் துணைப்பொருளிலிருந்து அதை மலிவாக எடுக்க முடியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காமாஸ் என்ற ஊரில் இருந்த கிரவுன் ஜெல்லர்பாக் காகித நிறுவனம் அதற்குப் புதிய பயன் தேடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ராபர்ட் ஹெர்ஷ்லர் என்ற வேதியியலாளர் இந்தத் திரவம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதையும், தன்னில் கரைந்திருப்பதைக் கூடவே இழுத்துச் செல்வதையும் கவனித்தார். பக்கத்தில் போர்ட்லண்டில் ஒரிகன் மருத்துவப் பள்ளியின் அறுவைசிகிச்சை மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப் உறைநிலையில் உறுப்புகளைக் காக்க ஒரு திரவம் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள். 1963 வாக்கில் செய்தி வெளியே வந்ததும் மூட்டுவாதம், சுளுக்கு, தீக்காயம் என்று எல்லாவற்றுக்கும் இதைத் தடவிப் பார்க்க மருத்துவர்கள் வரிசையில் நின்றார்கள்.

1965இல் எல்லாம் நின்றுபோனது. அதிக அளவு கொடுக்கப்பட்ட நாய், முயல், பன்றி ஆகியவற்றின் கண் வில்லையில் மாற்றம் தெரிந்ததால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மனிதச் சோதனைகளை நிறுத்தியது. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமை உலகை உலுக்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அதிகாரிகளின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பிறகு கலிஃபோர்னியாவில் வாகாவில் என்ற ஊரின் சிறைக் கைதிகளுக்கு 90 நாள் வரை பெரிய அளவில் தடவிப் பார்த்ததில் மனிதக் கண்ணில் அந்த மாற்றம் தென்படவில்லை. கைதிகளை வைத்து மருந்தைச் சோதிப்பது அன்று அங்கே சாதாரணம். இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது.

1970இல் குதிரைக்கும் நாய்க்கும் அடிபட்ட வீக்கத்தில் தடவ அனுமதி கிடைத்தது. 1978இல் மனிதர்களுக்கு ஒரே ஒரு நோய்க்கு அனுமதி வந்தது: சிறுநீர்ப்பைச் சுவரில் நீடித்த அழற்சியும் வலியும் இருப்பவர்களுக்கு 50 சதவீதக் கரைசல். 1980 மார்ச்சில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் இது பேசப்பட்டதும் மக்கள் ஆலைக் கரைப்பானையே வாங்கித் தேய்க்கத் தொடங்கினார்கள். இன்று நம் காதில் விழும் ‘மறைக்கப்பட்ட மருந்து’ என்ற கதைக்கு வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. மறைக்கப்பட்டது என்று சொல்வதைவிட, சரியாகச் சோதிக்க முடியாமல் போனது என்று சொல்வதுதான் பொருத்தம்.

ஏன் சோதிக்க முடியவில்லை? இதைத் தடவிய சில நிமிடங்களில் வாயில் பூண்டுச் சுவை தட்டும். மூச்சிலும் வியர்வையிலும் வாடை அடிக்கும். உடலுக்குள் போனதில் ஒரு பகுதி டைமெத்தில் சல்ஃபைடாக மாறி நுரையீரல் வழியே வெளியேறுவதுதான் காரணம். எந்த மருந்துச் சோதனையிலும் தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்றுத் திரவமா என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. இங்கே வாய் திறந்தாலே எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு வலி குறைவது இயல்பு. ஆகவே அந்தக் கால வெற்றிக் கதைகளில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு நம்பிக்கையின் வேலை என்று பிரித்தெடுக்க வழியில்லை.

அழற்சியைக் குறைக்கிறதா, இல்லையா

குறைக்கிறது, ஆய்வகத்தில். திசுக்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற துகளை அது பிடித்து முடக்குகிறது. மனித ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கிருமியால் தூண்டிவிட்டு டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தால், அழற்சியைப் பரப்பும் சைட்டோகைன்கள் என்ற புரதங்களின் அளவு குறைகிறது. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு இழைகளின் வேகத்தையும் அது தணிக்கிறது. இவை பொய்யில்லை.

ஆனால் தோலில் நடப்பது வேறு. செறிவான டி.எம்.எஸ்.ஓ. தடவிய இடத்தில் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள், ஒவ்வாமையின்போது அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமைன் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தோல் சிவக்கிறது, அரிக்கிறது, சிலருக்குத் தடிக்கிறது. அழற்சியை அடக்க வாங்கியது மேல்தோலில் புதிதாக ஓர் அழற்சியை உண்டாக்குகிறது. அந்தச் சூட்டையே ‘மருந்து வேலை செய்கிறது’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

முடிவெடுக்க நமக்கு உதவுவது குழாயோ எலியோ அல்ல, மனித முழங்கால். அதில் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2009இல் வெளியான அந்த ஆய்வில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 775 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த டைக்ளோஃபெனாக் சொட்டு. இன்னொன்றுக்கு டைக்ளோஃபெனாக் இல்லாமல் அதே டி.எம்.எஸ்.ஓ. திரவம். மூன்றாவதற்கு வெற்றுத் திரவம். அதில் வாடைக்காக மட்டும் துளி டி.எம்.எஸ்.ஓ. சேர்த்திருந்தார்கள். பூண்டு வாடைச் சிக்கலுக்கு யாரோ யோசித்துக் கண்ட வழி, ரசிக்கத்தக்கது. நான்காவதற்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை. ஐந்தாவதற்குச் சொட்டும் மாத்திரையும் சேர்த்து. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, 20 புள்ளி கொண்ட வலி அளவுகோலில் டைக்ளோஃபெனாக் சொட்டு 6.0 புள்ளி குறைத்திருந்தது, மாத்திரை 6.4, வெற்றுத் திரவம் 4.7. டைக்ளோஃபெனாக் இல்லாத டி.எம்.எஸ்.ஓ.வுக்கும் வெற்றுத் திரவத்துக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை.

அதாவது அந்தத் திரவத்தில் நோயைத் தொட்டது டைக்ளோஃபெனாக். டி.எம்.எஸ்.ஓ. அதைத் தோலுக்குள் கொண்டுபோய் இறக்கியது. பார்சலைக் கொண்டுவந்தவருக்குப் பார்சலின் பெருமை போய்ச் சேர்ந்திருக்கிறது.

கனடாவில் 248 பேரிடம் நான்கு வாரம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்விலும் டைக்ளோஃபெனாக் உள்ள திரவமே வென்றது. கரைப்பான் மட்டும் பெற்றவர்கள் பின்தங்கினார்கள். எதிர்த்தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. 1990களில் ஜெர்மனியில் 112 பேரிடம் 25 சதவீத டி.எம்.எஸ்.ஓ. ஜெல்லை மூன்று வாரம் தடவிப் பார்த்ததில் அது வெற்று ஜெல்லைவிட நன்றாகவே செயல்பட்டது. மூன்று வாரச் சிறிய ஆய்வுக்கும், வாடையை மறைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்திய பெரிய ஆய்வுக்கும் முரண்பாடு என்றால் நான் பின்னதன் பக்கம்தான் நிற்பேன்.

ஜெல்லைச் சரியாகத் தடவுகிறோமா

டைக்ளோஃபெனாக் ஜெல் மாயம் செய்யாது. நீண்டகால மூட்டு வலிக்கு இத்தகைய மேற்பூச்சுகளைப் பற்றி 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுவது), ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் 100க்கு 60 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தது. மருந்தில்லாத பூச்சு தடவியவர்களிலும் 50 பேருக்குக் கிடைத்தது. மருந்தின் தனிப் பங்கு அந்தப் பத்துப் பேர். சிறியதுதான், ஆனால் உறுதியானது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலும், அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் முழங்காலுக்கு மேற்பூச்சு வலிநிவாரணியைப் பரிந்துரைக்கின்றன. டி.எம்.எஸ்.ஓ. பாட்டிலை இரண்டுமே பரிந்துரைக்கவில்லை.

குணம் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் தடவுவது பட்டாணி அளவு, அதுவும் தூங்கப்போகும் முன் ஒருவேளை. அமெரிக்காவில் 1 சதவீத ஜெல்லுக்கு எழுதப்பட்ட அளவு ஒரு முழங்காலுக்கு ஒருவேளைக்கு 4 கிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. நம் ஊரில் 1.16 சதவீத டைக்ளோஃபெனாக் டைஎத்திலமின் என்று அச்சிட்டிருப்பதும் ஏறக்குறைய அதே வலுவுள்ளதுதான். அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் ஒன்று ஒரே முழங்காலுக்கு இரண்டு நாள்கூட வராது. செலவு கசக்கும். ஆகவே ஒரு வேளைக்கு 2 கிராமிலிருந்து தொடங்கலாம். ஆனால் வேளை தவறாமல் மூன்று வாரமாவது தடவாமல் ‘பலனில்லை’ என்று தீர்ப்பெழுதக் கூடாது. மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்த ஜெல் என்றால் ஜில்லென்ற உணர்வும் சூடும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். அது டைக்ளோஃபெனாக்கின் வேலை அல்ல.

ஜெல்லின் பெரிய பலம் வயிற்றைத் தொடாமல் போவது. மேலே சொன்ன முழு அளவில் தடவினாலும் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். மாத்திரையில் வலி வேகமாக அடங்கும் என்பது உண்மை. ஆனால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் ஏறுதல் என்று அதன் பின்னால் நீளும் வரிசையும் உண்மை. இதய அடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் சொல்லிவிட்டது. அறுபத்தைந்தைக் கடந்து, ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர் வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துத் தெற்காசியா முழுவதும் அவற்றைக் கிட்டத்தட்ட அழித்தது. அதனால் 2006இல் இந்தியா அதைக் கால்நடை மருத்துவத்திலிருந்து தடைசெய்தது. மனிதச் சிறுநீரகம் பாறுவைப் போல அவ்வளவு மென்மையானதல்ல. என்றாலும் மாத்திரையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுகுகள் நினைவுக்கு வருகின்றன.

டி.எம்.எஸ்.ஓ. கலந்த டைக்ளோஃபெனாக் திரவம் கனடாவில் 2003 முதலும் அமெரிக்காவில் 2009 முதலும் மருத்துவர் சீட்டில் கிடைக்கிறது. ஏறக்குறைய பாதி டி.எம்.எஸ்.ஓ., ஒன்றரை சதவீதம் டைக்ளோஃபெனாக். ஒரு முழங்காலுக்கு 40 சொட்டு, நாளுக்கு நான்கு வேளை. தடவிய இடம் வறண்டு செதில் விடுவது இதன் பரவலான தொல்லை. மேலே சொன்ன 2009 ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட அது வந்தது. வெளிநாட்டில் இருப்பவர், தோல் தாங்கும் என்றால், ஜெல் சரிப்படாதபோது மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். செய்யவே கூடாது என்று நான் நினைப்பது ஒன்றுதான்: டி.எம்.எஸ்.ஓ. பாட்டிலையும் ஜெல்லையும் வாங்கி வீட்டில் கலந்துகொள்வது. எந்த விகிதத்தில் எவ்வளவு உள்ளே போகும் என்று அளந்து சொல்ல வீட்டில் ஆளில்லை.

மிளகாய்க் காரத்திலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பும் முழங்காலுக்கு ஓரளவு உதவும். முதல் வாரம் எரியும், கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அன்றைய பொழுது போயிற்று. டி.எம்.எஸ்.ஓ.வின் வேதியியல் உறவுக்காரரான எம்.எஸ்.எம். (மெத்தில்சல்ஃபோனைல்மீத்தேன்) மாத்திரைக்கு உள்ள ஆதாரம் மெலிந்தது. அதற்குப் பணம் செலவழிப்பதைவிட அந்தக் காசில் இன்னும் நான்கு டியூப் ஜெல் வாங்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடத் தொடையின் முன்தசையை வலுவாக்குவது முழங்காலுக்கு அதிகம் உதவும் என்பதை எந்த எலும்பு மருத்துவரும் மறுக்கமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து இறக்குவதற்கு எந்த டியூபும் வேண்டாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். விற்பதற்கு ஒன்றுமில்லாததால் இதற்கு விளம்பரமும் இல்லை.

டி.எம்.எஸ்.ஓ. சரியான விடையாக இருக்கும் இடங்கள்

உங்கள் கேள்வி முழங்காலைப் பற்றியதல்ல என்றால் பதிலும் மாறும். சிறுநீர்ப்பை வலி நோய்க்கு 50 மில்லி கரைசலைக் குழாய் மூலம் ஏற்றி 15 நிமிடம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வேறு மருந்துகளுக்கு மசியாத சிலருக்கு இது நிம்மதி தந்திருக்கிறது. டாக்ஸோரூபிசின் வகைப் புற்றுநோய் மருந்து ஊசி ஏற்றும்போது ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் திசு அழுகிப்போகும். அங்கே செறிவான டி.எம்.எஸ்.ஓ.வை மேலே தடவுவது ஏற்கப்பட்ட முறை. ஆனால் டெக்ஸ்ராசோக்சேன் என்ற மாற்றுமருந்தைக் கொடுத்திருந்தால் தடவக் கூடாது. எலும்பு முறிவு ஆறிய பிறகும் கையோ காலோ எரிந்து, வீங்கி, நிறம் மாறி வாட்டும் ஒரு வகை நீடித்த வலிக்கு நெதர்லாந்து மருத்துவர்கள் 50 சதவீத டி.எம்.எஸ்.ஓ. களிம்பை எழுதுகிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கான ஸ்டெம் செல்களை உறையவைக்கும்போது அவை உடையாமல் காப்பதும் இதுதான். நான்கிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு: செறிவு, அளவு, நேரம் மூன்றையும் தீர்மானிப்பவர் மருத்துவமனையில் இருக்கிறார்.

பாட்டிலில் அந்த மூன்றும் இல்லை. ஆய்வகத் தரம் என்று எழுதியிருப்பது வேதிவினைக்குப் போதுமான தரம். உடம்பில் தடவுவதற்கான தரம் வேறு. ஆலைத் தரத்தில் என்னென்ன மாசு இருக்கும் என்று லேபிள் சொல்லாது. தோலில் இருக்கும் எதையும் அது உள்ளே கூட்டிக்கொண்டு போகும் என்பதால் பூச்சிமருந்து தொட்ட கை, சாயம், வாசனைப் பூச்சு எல்லாம் ஆபத்து. சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். அப்படிக் கரைந்ததும் சேர்ந்தே உள்ளே போகும். 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடுவதால் ஊட்டியில் வாங்கி வைத்தவர் காலையில் பாட்டிலுக்குள் கட்டியைத்தான் பார்ப்பார். சென்னைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. குடிப்பதும், நரம்பில் ஏற்றிக்கொள்வதும் பேச்சுக்கே இடமில்லாதவை. செறிவாக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும்.

கர்ப்பிணிகள், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டி.எம்.எஸ்.ஓ.வைத் தொடவே வேண்டாம். கர்ப்பத்தின் பின்பகுதியில் இருப்பவர்களும், ஆஸ்பிரின் வகை மருந்துகளால் மூச்சுத்திணறல் வந்தவர்களும் டைக்ளோஃபெனாக் ஜெல்லையும் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. முழங்கால் ஒரே நாளில் வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அது கிருமி புகுந்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜெல்லோ கரைப்பானோ எதைத் தடவிக் காத்திருந்தாலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு நாள்கணக்கில் கரைந்துகொண்டே போகும்.